அகரத்துக் கிணற்று மோட்டார்

போனில் வரும் அறிவிப்பை யாரும் கடைசிவரை படிப்பதில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள், ஐயா. குறையாகச் சொல்லவில்லை. அவரவருக்கு வேலை இருக்கிறது.

நாங்கள் திண்டுக்கல்லில் ஒரு பெட்டி செய்து விற்கிறோம். அதை மாட்டினால் கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே போடலாம், நிறுத்தலாம். உள்ளே ஒரு சிம் இருக்கும். அதன் வழியாக, அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே எல்லாப் பெட்டிகளின் மென்பொருளையும் நான் மாற்றிவிடுவேன். தோட்டக்காரருக்குத் தெரியாது. அதையும் ஒரு வசதி என்று சொல்லித்தான் விற்றோம்.

கரண்ட் போய்த் திரும்பினால் மோட்டார் சும்மா நிற்கும். மறுபடி போனில் அமுக்க வேண்டும். அது பெரிய தொல்லை என்று புகார் வந்தது. நியாயம்தான். கரண்ட் வந்ததும் தானாக ஓடும்படி ஒரு அப்டேட் எழுதினேன்.

கூட வேலை பார்க்கும் சகாயசெல்வி தடுத்தாள்.

"கெணத்துல எறங்கி வேல பாக்குறவுக இருப்பாகண்ணே. பீஸ்கட்டையப் புடுங்கிட்டு எறங்கச் சொல்லி ஒரு மெசேஜாவது போடுங்க."

"போட்டா அம்புட்டுப் பேரும் பெட்டியில என்ன கோளாறுன்னு கேப்பாங்க. நம்மள நம்பித்தானம்மா வாங்கிருக்காங்க," என்றேன்.

அப்டேட் போனது. மெசேஜ் போகவில்லை.

அகரத்தில் கருப்பணன் என்ற விவசாயி, கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறார். பாதிக் கிணற்றில் மேடை போட்டு வைத்த பழைய பெல்ட் மோட்டார். போனில் அமுக்காமல் ஓடாது என்று, பெட்டி மாட்டிய அன்று நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அதனால் போனை மனைவி மாயக்காளிடம் கொடுத்து மேலே நிற்க வைத்துவிட்டு, மோட்டாரில் கழன்ற பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் வந்தது. பெல்ட் கையோடு அவரை இழுத்துக்கொண்டது. மேலே தூக்கும்போது உயிர் இல்லை.

செய்தி கேட்டதும் நான் பதறவில்லை. அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் பழைய மென்பொருளைத் திருப்பி அனுப்பினேன். பிறகு அகரத்துக்குக் கிளம்பினேன். உங்கள் ஸ்டேஷன் போலீஸ்காரர்களுக்கு முன்னால் மெயினை அணைத்துப் போட்டுக் காட்டினேன். மோட்டார் அசையவில்லை. போனில் அமுக்கினேன், ஓடியது. கூட்டம் முழுக்க மாயக்காள் பக்கம் திரும்பியது.

நான் அந்த அம்மாளை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அவராகத்தான் என்னிடம் வந்தார்.

"அப்பு, நாந்தேன் அமுக்கிட்டனா? எனக்கு ஒண்ணும் நெனப்பில்லையே."

"தெரியாமக் கை பட்டிருக்கும்க்கா. மனசப் போட்டுக் கொழப்பாதீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னேன். கருமாதியில் அவரை யாரும் பக்கத்தில் சேர்க்கவில்லை, பெற்ற மகனே பேசுவதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது. சகாயசெல்வி உங்களிடம் வந்து சொல்லியிருக்காவிட்டால், நாளாக ஆக அதுவும் ஆறிப்போயிருக்கும்.

மற்ற தோட்டங்களா? அங்கெல்லாம் புது அப்டேட்தான் ஓடுகிறது, ஐயா. இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை.

கருப்பணன் செத்தது என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மாயக்காளிடம் மட்டும் சொல்ல வேண்டாம். எங்கள் பெட்டி மேல் அந்த அம்மாள் இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறார். அதைக் கெடுப்பானேன்?