கில்ராயின் துப்பாக்கியை ஊமையாக்கியது பற்றி

உங்கள் ஸ்டேஷனில் டீ நன்றாகவே போடுகிறார்கள், சார்ஜென்ட். அந்த ஹீட்டர்தான் உள்ளே எதையோ உரசிக்கொண்டே இருக்கிறது. ஒரு ஸ்க்ரூடிரைவர் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவேன். கொடுக்கமாட்டீர்கள், புரிகிறது. பரவாயில்லை. நான் இப்படி அடிக்கடி திரும்பிப் பார்த்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சின்னச் சத்தம்கூட என்னை உட்கார விடாது.

என் பெயர் நெவின் மெக்காஸ்கில். வயது ஐம்பத்திரண்டு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை வைத்து, துப்பாக்கி, மரம் அறுக்கும் ரம்பம், தண்ணீர் பம்பு எல்லாம் பழுதுபார்க்கிறேன். வீடு எனக்கும் அக்கா ஷோனாவுக்கும் பொது. அப்பா அம்மா போன பிறகு பத்தொன்பது வருடம் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மாலையில் அவள் குறுக்கெழுத்துப் போடுவாள், நான் அரத்தை வைத்து எதையாவது ராவிக்கொண்டிருப்பேன். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அப்படி ஒரு நிம்மதி எத்தனை வீட்டில் இருக்கும், சொல்லுங்கள்.

அப்புறம் ஐம்பது வயதில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கில்ராய் டேட், எங்கள் வட்டாரத்துக்காரர்தான், ஆட்டுரோமம் வெட்டும் கூட்டத்தில் வேலை பார்த்தவர். நல்ல மனிதர். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை, சவ அடக்கத்தில்கூட எழுந்து நின்று சொன்னேன். ஆனால் அவர் பூட்ஸோடு நடப்பார். கரண்டியால் கோப்பையைத் தட்டுவார். வந்த முதல் வாரமே, "என்ன மச்சான், எழவு வீடு மாதிரி இருக்கு? அந்த ரேடியோவைப் போடுங்கப்பா, ஈயாவது எந்திரிச்சு ஆடட்டும்," என்றார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மரியாதைக்குச் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

மூன்று வருடம் பொறுத்தேன். பொறுத்தேன் என்று நான் சொல்வது அவளுக்காக. அவள் வாயைத் திறந்து குறை சொல்லமாட்டாள். ஆகவே அவள் படும் கஷ்டத்தை நான்தான் கவனிக்க வேண்டியிருந்தது.

தினமும் மாலை அவர் பின்வேலியில் நின்று முயல் சுடுவார். நீங்கள் ஆக்லாந்துக்காரர், இங்கே ஒடாகோ மலையில் முயல் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. மேய்ச்சல் நிலத்தையே மொட்டையடித்துவிடும். எல்லார் வீட்டிலும் ஒரு பாயிண்ட் இருபத்திரண்டு ரகத் துப்பாக்கி இருக்கும், முக்கால்வாசி பேர் சைலன்சர் மாட்டியிருப்பார்கள். மெதுவாகப் போகும் தோட்டா போட்டால் வெடிச்சத்தம் ஒரு பெருமூச்சு அளவுதான். மிஞ்சுவது போல்ட் சத்தம், தோட்டாவை உள்ளே தள்ளும் இரும்புத் தண்டு அது. ஒவ்வொரு தடவை சுட்டதும் போல்ட் தானாகப் பின்னால் போய் முன்னால் வந்து அடிக்கும், இரும்பில் இரும்பு. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அது வேறு வேறு. கில்ராயுடையது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். அக்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எத்தனை என்று எண்ணுவாள். "ஏழு. இன்னைக்குக் கை நல்லாருக்கு மனுஷனுக்கு," என்பாள். சகித்துக்கொள்ள அவள் கண்டுபிடித்த வழி அது.

அந்தச் சத்தத்தை நம்பித்தான் எங்கள் வட்டாரத்து முயல் வேட்டை நடக்கும். வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள். எங்கள் குழுவில் மூன்று பேர். நான், கில்ராய், ஆர்ச்சி டன்பார். ஆர்ச்சி பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், வயது எழுபத்தொன்று. மலைச்சரிவில் வரிசையாக நடப்போம், ஆளுக்கு ஆள் அறுபது எழுபது அடி இடைவெளி. நடுவில் முள்ரோஜாப் புதர் ஆள் உயரத்துக்கு நிற்கும், பக்கத்து ஆள் கண்ணில் படமாட்டார். யாரும் கூப்பிடக் கூடாது, குரல் கேட்டால் முயல் வளைக்குள் போய்விடும். ஆகவே போல்ட் சத்தத்தை வைத்தே யார் எங்கே என்று தெரிந்துகொள்வோம். வரிசையை விட்டு ஒருவர் விலகினால், நின்று, போல்ட்டை இரண்டு தரம் கையால் இழுத்து விடுவார். நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கம் சுடாதே என்று அர்த்தம். பாதுகாப்பு வகுப்பில் இதைச் சொன்னால் திட்டுவார்கள். எங்கள் அப்பாமார் காலத்திலிருந்து இப்படித்தான்.

ஆர்ச்சிக்குக் கண்ணில் புரை. ஒப்புக்கொள்ளமாட்டார். "கண்ணு எதுக்குடா? எனக்குக் கழுதைக் காது. கில்ராய் துப்பாக்கி இருக்கே, ஓட்டைத் தகரத்துல ஆணி அடிக்கிற மாதிரி. தூக்கத்துல எழுப்பிக் கேளு, எங்க நிக்கிறான்னு சொல்றேன்," என்பார்.

சத்தத்தைக் குறைக்கச் சொன்னது கில்ராய்தான். இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "மச்சான், முதல் முயல் விழுந்ததும் மத்ததெல்லாம் இந்தச் சனியன் சத்தத்துல ஓடிடுது. இது வாயை அடைக்க முடியுமா உன்னால?" என்றார். பிறந்தநாள் பரிசாகச் செய்து தருகிறேன் என்றேன். மூன்று சனி ஞாயிறு ஆயிற்று. எது எதில் மோதுகிறதோ அங்கே மெத்தென்று ஒன்றை வைத்தேன், ஆடியதை இறுக்கினேன், உரசியதை இழைத்தேன். என் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமான வேலை நான் செய்ததில்லை. கொட்டகையில் போல்ட்டை இழுத்து விட்டபோது புத்தகத்தை மூடுகிற சத்தம்தான் வந்தது. அன்றைக்குத்தான் மூன்று வருடத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

வேட்டைக்கு முந்தைய நாள் அவர் பிறந்தநாள், கையில் கொடுத்ததும் கில்ராய் என்னைக் கட்டிப்பிடித்தார். "அடப்பாவி, ஊமையாக்கிட்டியே. ஆர்ச்சிகிட்ட சொல்லிடணும்டா, இல்லைன்னா கெழவன் என்னைத் தேடித் தவிச்சுப் போவான்."

"இப்ப வேண்டாம். வேட்டை முடிஞ்சு முயல் எண்ணுற கூடாரத்துல எல்லார் முன்னாடியும் காட்டி அசத்தலாம்," என்றேன். அவருக்கு அந்த மாதிரி வேடிக்கை ரொம்பப் பிடிக்கும். வாயில் விரலை வைத்துக் கண்ணடித்தார். அக்காவிடமும் மூச்சு விடவில்லை.

வேட்டையின் முதல் நாள் மழை பிசுபிசுத்தது, எங்கள் பக்கம் யாரும் போகவில்லை. இரண்டாம் நாள் மதியம், வேட்டையைத் தொடங்குமுன், ஆட்டுக்கறி பேஸ்ட்ரி சாப்பிட உட்கார்ந்தோம். வெயில் ஏறியிருந்தது. வேட்டையில் மற்றவர் கண்ணில் படுவதற்காகப் போடும் ஆரஞ்சுச் சட்டையைக் கில்ராய் கழற்றிப் பாறைமேல் போட்டார். கிளம்பும்போது, "மச்சான், என் சட்டையைப் பாத்தியா?" என்று கேட்டார். காற்று அடித்துப் போயிருக்கும், இன்னொன்று வண்டியில் இருக்கும் என்றேன். வண்டி இரண்டு மைல் தள்ளி நின்றது. "போகட்டும், என்னைப் பாத்து முயலுன்னு எவன் நெனப்பான், இந்த உடம்புக்கு," என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். மூன்று பேரும் சிரித்தோம். சட்டை என் பையில் இருந்தது.

மேலே கில்ராய், நடுவில் நான், கீழே ஆர்ச்சி. நான் ஏறி நின்ற பாறையிலிருந்து இரண்டு பேரும் தெரிந்தார்கள். மூன்று மணிக்கு மேல் வெயில் ஆர்ச்சிக்கு நேர் எதிரே இருக்கும், அது எனக்கு முந்தைய வருடமே தெரியும். அடிபட்ட முயல் ஒன்று உருண்டு கீழே ஓடியது. கில்ராய் வரிசையை விட்டு என்னைத் தாண்டி இறங்கி, ஆர்ச்சிக்கு முன்னால் இருந்த புதருக்குள் போனார். கொஞ்ச நேரமாக ஆர்ச்சிக்கு மேலிருந்து எதுவும் காதில் விழவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்துக் கையைத் திருப்பிக் காட்டினார், அவன் எங்கே என்று. நான் மேட்டைக் காட்டினேன்.

உங்கள் மேசைமேல் பையில் இரண்டு தோட்டா வைத்திருக்கிறீர்களே, சுடாதவை, கில்ராய் பக்கத்தில் கிடந்தவை. கோர்ட்டில் யாருக்கும் அதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. அவர் புதருக்குள் நின்று போல்ட்டை இரண்டு தரம் இழுத்து விட்டார், சார்ஜென்ட். இழுக்கும்போது உள்ளே இருக்கும் தோட்டா வெளியே விழும். துப்பாக்கி இப்போது ஊமை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் முப்பது வருடப் பழக்கம், கை அதுபாட்டுக்குச் செய்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். வேட்டையில் கூப்பிடக் கூடாது. புதர் அசைந்தது, ஆர்ச்சி சுட்டார்.

ஆர்ச்சி எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். அலட்சியம் என்று தீர்ப்பு, உரிமம் ரத்து, ஆறு மாதம் வீட்டுக்காவல். ஞாயிறுதோறும் நான் ஆட்டுக்கறி பேஸ்ட்ரி வாங்கிக்கொண்டு போவேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். பாவமாக இருக்கும், உண்மையாகவே பாவமாக இருக்கும். பேஸ்ட்ரியைத் தொடக்கூட மாட்டார்.

வீட்டில் அக்கா நாள் முழுக்க ரேடியோவை அலற விட்டாள். துக்கம் அப்படித்தான். நான் தினமும் ஒரு துளி குறைத்தேன், அவளுக்குத் தெரியாமல். ஐந்து மாதத்தில் கிசுகிசுப்பு அளவுக்கு வந்திருந்தது.

போன வாரம் நீங்கள் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தீர்கள். மாலையில் அதை எடுத்துக்கொண்டு அவள் பின்வேலிக்குப் போனாள். சுடவில்லை. போல்ட்டை மட்டும் இழுத்து விட்டாள். மறுபடி இழுத்தாள். அப்புறம் கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"இது அவரோடது இல்ல," என்றாள்.

"அவரோடதுதான்கா."

"அப்ப சத்தம் எங்கடா? அந்தச் சத்தத்தை ஒரே ஒரு தடவை கேக்கலாம்னு போனேன். எங்க அது?"

செய்த வேலையைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையோடு சொல்லியிருப்பேன்.

"எப்ப பண்ணின?"

"பிறந்தநாளுக்கு."

"ஆர்ச்சிக்குத் தெரியுமா?"

நான் பேசாமல் இருந்தேன். எங்கள் வீட்டில் அது எப்போதுமே நல்ல பதிலாகத்தான் இருந்திருக்கிறது. அவள் உள்ளே போனாள். என் பையில் ஆரஞ்சுச் சட்டை இருந்தது, துவைத்து மடித்து வைத்திருந்தேன். அதைத் தேடி எடுத்து, துப்பாக்கியோடு சேர்த்துக் கில்ராயின் கோட்டில் சுற்றிக்கொண்டு நேரே உங்களிடம் வந்தாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கில்ராய் டேட்டைக் கொன்றது நான். ஆர்ச்சியின் விரலால் கொன்றேன். அவரை விட்டுவிடுங்கள், அந்தப் பஞ்சையும் யாரையாவது எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் செய்தது ஒருத்தியின் நிம்மதிக்காக, அதற்கு எவ்வளவு வருடம் கொடுத்தாலும் இருந்துவிட்டுப் போகிறேன்.

அது வீண் போகவில்லை. நேற்று அக்கா அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாளே, பார்த்தீர்களா? கால் மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையசைத்தேன். சிரிக்கவில்லை, அழவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய ஷோனா திரும்பி வந்துவிட்டாள்.