வலையைக் கட்டினது யாரு?

...இந்தப் பள்ளிக்கூட மேடையில நின்னு இதை இப்படியே விளக்கிட்டுப் போனா கடைசி வரிசையில ரெண்டு பேர் தூங்கிடுவீங்க. அதனால நடந்த சங்கதி ஒண்ணைச் சொல்றேன். சின்னதுதான், பயப்படாதீங்க.

என் மகள் ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடர் பார்க்கிறா. வாலிபால் கதை. அதுல ஒரு குட்டைப் பையன்... மத்தவன் தோளுக்குக்கூட வரமாட்டான். ஆனா எகிறினான்னா வலைக்கு மேல நிக்கிறான். நான் சொன்னேன், "ஏம்மா, வரையுறவன் கையில பென்சில் இருக்கு, எவ்வளவு உயரம் வேணும்னாலும் குதிக்க வைப்பான். நிஜத்துல நடக்குமா?" சொன்ன பிறகுதான் மனசுல சுருக்குன்னுச்சு. நிஜத்துலயே நான் பார்த்திருக்கேனே. கண்ணால பார்த்தும் நம்பாம நின்னிருக்கேனே.

அப்ப நான் பி.டி. வாத்தியார். வாலிபால் போட்டிக்கு நடுவராவும் போவேன். தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஊர்ல இறுதி ஆட்டம். ஊர் பேர் வேண்டாம், அந்த ஊர்க்காரங்க நாலு பேர் இங்கேயே உட்கார்ந்திருக்கீங்க. போட்டி நடத்துற கிளப்புக்குச் செயலாளர் ஞானதுரை அண்ணாச்சி. அவங்க டீம் கேப்டன் ஜெபஸ்டின், ஆறடி ரெண்டு அங்குலம். எதிர் டீம்ல இசக்கிராஜ்னு ஒரு பையன். அஞ்சடி மூணு அங்குலம், அதுவும் முடியோட சேர்த்து.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர் வந்து உட்கார்ந்திருக்கார். இசக்கிராஜை ரெண்டு வருஷமா உயரத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த மாசம் வயசு வரம்பு தாண்டிடும். இன்னைக்கு விட்டா அவனுக்கு இனிமே கிடையாது.

ஆட்டத்துக்கு முன்னாடி வலையோட உயரத்தை அளக்க வேண்டியது யாரு? நடுவர். அதாவது நான். ஆனா நம்ம பக்கத்து வழக்கம் என்ன? போனதும் டீ, வடை. அண்ணாச்சி வந்து, "நெட்டெல்லாம் காலையிலேயே அளந்து கட்டியாச்சு சார், நீங்க டீயைக் குடிங்க" அப்படின்னார். நானும் குடிச்சேன்.

ஆட்டம் ஆரம்பிச்சுது. இசக்கிராஜ் எகிறுதான்... அடிக்கான்... பாயின்ட். மறுபடி எகிறுதான்... பாயின்ட். கூட்டம் கை தட்டுச்சுன்னா நினைக்கிறீங்க? இல்லைய்யா. முணுமுணுத்துச்சு. "இதுல ஏதோ இருக்கு" அப்படின்னு. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் உறுத்துச்சு.

ஜெபஸ்டின் என்கிட்ட வந்தான். ஷூவுக்குள்ள ஏதோ வச்சிருக்கான், பார்க்கணும்னான். கழற்றச் சொன்னேன். உள்ளே கை விட்டுத் துழாவினேன். கிழிஞ்ச சாக்ஸ்தான் இருந்துச்சு. அந்தப் பையன் ஷூவை ஓரமா வச்சிட்டு வெறுங்காலோட ஆடினான். அப்பவும் பாயின்ட். அடுத்து, இவன் வெளியூர்ல காசு வாங்கி ஆடுற ஆளு, பேர் மாத்தி வந்திருக்கான்னான். ஆதார் அட்டையைப் பார்த்தேன். சரியா இருந்துச்சு. கடைசியா வந்தான் பாருங்க...

"சார், நெட்டு இறங்கியிருக்கு. இல்லாம இந்த உயரத்துக்கு அவன் எப்படி சார் அடிக்க முடியும்? அளந்து பாருங்க."

ஜெபஸ்டின் அடிச்ச பந்தே நாலு தடவை வலையில மாட்டியிருக்கு. வலை இறங்கியிருந்தா எப்படி மாட்டும்? யோசிச்சானா? சரி, அவன் யோசிக்கல. நான் யோசிச்சேனா?

அளவுகோலை எடுத்தேன். அப்ப ஞானதுரை அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வர்றார். "வேண்டாம் சார்... எதுக்கு சார்... ஆட்டம் நல்லாத்தானே போகுது..." என் கையில இருந்த கோலைப் பிடிச்சு இழுக்கார். சந்தேகப்பட்ட கண்ணெல்லாம் ஒரே நேரத்துல இசக்கிராஜை விட்டுட்டு அண்ணாச்சி பக்கம் திரும்புச்சு. ஜெபஸ்டினுக்கு ஒண்ணும் புரியல. "நமக்காகத்தானே கேக்கேன், அண்ணாச்சி ஏன் தடுக்காரு?"

நடுவுல கோலை நிறுத்தினேன். இருநூத்து நாப்பத்து மூணு சென்டிமீட்டர் இருக்கணும். இருநூத்து நாப்பத்தொன்பது இருந்துச்சு. ஆறு சென்டிமீட்டர்... கூட.

குட்டைப் பையன் எகிறக்கூடாதுன்னு அண்ணாச்சியே காலையில ஏத்திக் கட்டியிருக்கார். தன் கேப்டன்கிட்டகூடச் சொல்லல. அந்தக் கேப்டனே அளக்கச் சொல்லி அவரை மாட்டி விட்டுட்டான்.

எனக்கு வெட்கமாப் போச்சு. இசக்கிராஜ்கிட்ட போய்க் கேட்டேன். "தம்பி, நெட்டு ஏறியிருக்குன்னு உனக்குத் தெரியலையா?"

அவன் காலைத் தடவிக்கிட்டே சொன்னான். "காலையில குதிச்சுப் பார்க்கும்போதே தெரியும் சார். ஆனா என்னை மாதிரி ஒருத்தன் வந்து நெட்டு உயரமா இருக்குன்னு சொன்னா... நீங்க அளந்திருப்பீங்களா?"

அளந்திருக்க மாட்டேன். சிரிச்சிருப்பேன்.

வலையை இறக்கிக் கட்டி ஆட்டம் தொடர்ந்துச்சு. அவன் அடிச்ச முதல் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய் விழுந்துச்சு. உசந்த வலைக்குப் பழகின கை அது. அடுத்த பந்துல சரி பண்ணிட்டான், அவன் டீமே ஜெயிச்சுது. தேர்வாளர் எழுந்து வந்து அவன் பேரைக் கேட்டு எழுதிக்கிட்டார். அப்பவும் எனக்குப் பின்னால ஒருத்தர் மெதுவா, "தேர்வாளருக்குச் சொந்தக்காரப் பையனா இருக்கும்" அப்படின்னார்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா பெத்தவங்களே, ஆசிரியர்களே, ஒண்ணு கேட்கிறேன். போன வாரம் ரிசல்ட் வந்துச்சு. சுமாராப் படிக்கிறவன்னு நீங்க முடிவு கட்டின பிள்ளை ஒண்ணு நல்ல மார்க் எடுத்துச்சு. உங்க வாயில முதல்ல வந்த வார்த்தை என்ன? "பார்த்து எழுதியிருப்பான்." அதானே? ஏழை வீட்டுப் பொண்ணுக்கு வேலை கிடைச்சா? "யாரையோ பிடிச்சிருப்பா." அவ ஷூவைக் கழற்றச் சொல்றோம். அட்டையைக் காட்டச் சொல்றோம். அவளுக்கு மட்டும் வலையை ஏத்திக் கட்டினவனை என்னைக்காவது கேட்டிருக்கோமா?

சந்தேகப்படாதீங்கன்னு நான் சொல்ல வரல. தாராளமா சந்தேகப்படுங்க. அளவுகோலைக் கையில எடுங்க. எடுத்து... அந்தப் பிள்ளையை அளக்காதீங்க. வலையை அளங்க. அதை ஏத்திக் கட்டினது நீங்களா இருக்கலாம். இல்ல, என்னை மாதிரி, டீயைக் குடிச்சிட்டுச் சும்மா இருந்தவரா இருக்கலாம்.