கிழிந்த பட்டும் ஐந்தாம் அங்கமும்

மணவிருந்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் நாடகக் குழுத்தலைவர் மாத்யுரேன் அவர்களே, பாரிஸ் நகரில் பாதிப் பேரை அழவைத்த நடிகப் பெருமக்களே, அங்கத்துக்கு அங்கம் மெழுகுவத்தித் திரி கத்தரித்துக் கை சுட்டுக்கொண்ட பெரியவர்களே, உடை அறையில் என்னோடு ஊசி பிடித்த தாய்மார்களே, வணக்கம்.

எழுத்தறியாதவள் நான். ஆனால் நாற்பது ஆண்டுகள் அரசர்களுக்கு உடை மாட்டியவள், எதையும் மறவாதவள்.

மணமகன் புளோரிமோன் யார்? மேடையில் மன்னன். மணமகள் கிளோடின் யார்? அந்த மன்னன் மனம் பறிகொடுத்த அயல்நாட்டு அரசி. ஐந்தாம் அங்கத்தில் என்ன செய்வான்? அரியணைக்காக அவளை அனுப்பிவிடுவான். அரங்கம் அழும்; அவனும் அழுவான்; அவள் மட்டும் நிமிர்ந்து நடப்பாள்.

இந்த இருவரும் மெய்யாகவே மணம் முடிக்கப் போனபோது பாதிரியார் என்ன சொன்னார்? மேடையைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தால்தான் நடிகர்களுக்குத் திருமணம் என்றார். இருபது ஆண்டுக்கு முன், மேடையில் பாடிய என் தங்கையிடமும் இதையே சொன்னவர் அவர். அவள் துறந்தாள், அதன்பின் பாடவே இல்லை.

"நான் ராஜ்யத்த விட்டுடறேன், கிளோடின்," என்றான் இவன்.

"நீ விடுவ. நான் எதுக்குய்யா விடணும்? நானும் ராணிதான்," என்றாள் இவள்.

காதலா, கிரீடமா? மேடையில் பிரிந்தவர்கள் வாழ்விலும் ஒன்றை இழப்பதா? விடுவேனா நான்?

பதினொரு ஆண்டுக்கு முன், மேடையோரம் நாற்காலி போட்டு அமரும் பிரபுக்களில் ஒருவர், அரசி பிரியும் காட்சியில் அவள் பட்டங்கியை மிதித்துக் கிழித்தார். அரங்கமே சிரித்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கிழிந்த பட்டுத் துண்டை எடுத்து வைத்தேன். இன்று அவர் அரண்மனை நாடகங்களுக்கு அதிகாரி. துண்டோடு போய் நின்றேன்.

"ஏம்மா, இன்னுமா இத வச்சிருக்க?"

"மிதிச்ச காலு உங்ககிட்டதானே இருக்கு, பிரபு. துணி எங்கிட்ட இருக்கக் கூடாதா?"

யாரது பின்வரிசையில் சிரிப்பது? வயலின்காரரா? சிரியுங்கள் ஐயா. அந்தப் பிரபுவும் சிரித்தார், நான் கேட்டதைச் செய்வதாக வாக்கும் கொடுத்தார்.

இன்று காலை இருவரும் துறவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். மணி ஒலித்தது, மணம் முடிந்தது. கோயில் வாசலிலேயே நின்றார், அந்தப் பிரபு அனுப்பிய அரண்மனைத் தூதர்! வியாழக்கிழமை மன்னர் நாடகம் பார்க்கிறார். அதே அரசன், அதே அரசி நடிக்க வேண்டும். மன்னர் ஆணையை யார் மறுப்பது? பாதிரியாரா? அவர் முகத்தை ஆசைதீரப் பார்த்தேன், என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு.

மேடையில் அதிகாரம் காதலைப் பிரிக்கட்டும். பிரிக்கப் பிரிக்க நாம் அழுவோம். ஆனால் மெழுகுவத்திகள் அணைந்ததும் அந்த அரசனும் அரசியும் ஒரே வண்டியில் வீடு போவார்கள்!

புளோரிமோன், வியாழனன்று அவளை அழகாக அனுப்பிவை. அங்கியை மட்டும் மிதித்துவிடாதே. பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. மணமக்களுக்கு என் வாழ்த்து, வணக்கம்.