வாசலை நகர்த்தியவர்களுக்கு

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற நில அளவையர் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் மருந்துக்கடைச் சங்கச் செயலாளர் அவர்களே, இரவு பகல் பாராமல் ஆப் எழுதும் தோழர்களே, தோழிகளே, பார்சல் பையைத் தோளிலிருந்து இறக்காமல் கடைசி வரிசையில் நிற்பவர்களே, வாசல் அக்காவின் கணவரான எங்கள் தையல்கார அண்ணன் அவர்களே, அவர் கையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் மகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வழிகாட்டி ஆப் கம்பெனியின் மேலாளர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மேலாளரைக் கடைசியாகச் சொன்னேன் என்று அவர் வருத்தப்பட வேண்டாம். இன்று நான் அவரோடுதான் அதிகம் பேசப் போகிறேன்.

மேடை ஏறும்போது தலைவர் ஐயா என் காதில், "கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்றார். மன்னிக்கணும் ஐயா. வாசல் அக்கா வயதாகி, படுத்து, பிள்ளைகள் பார்க்கப் போய்ச் சேர்ந்திருந்தால் நானும் அடக்கி வாசித்திருப்பேன். அவர் அப்படிச் சாகவில்லை. எப்படிச் செத்தார் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஆளாளுக்கு "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று சொல்லிவிட்டு இறங்குகிறோம். எனக்கு வயிறு எரிகிறது.

நான் யார் என்று சிலருக்குத் தெரியாது. அக்கா தொடங்கிய தரவுத்தளம் ஓடும் கணினியைப் பார்த்துக்கொள்பவன். முதல்முறை வீட்டுக்குப் போனபோது "இவர்தான் நம்ம சர்வரைப் பாத்துக்கிறவர்" என்று அக்கா அறிமுகம் செய்தார். தைத்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து, "எந்த ஓட்டல்ல?" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் சர்வர் தம்பி.

வாசல் அக்கா என்ன செய்தார்? பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு மருந்துக்கடைக்கு ஆப் எழுதிக் கொடுத்தார். டாக்டர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால் மருந்து வீட்டுக்கு வரும். ஆப் நன்றாக ஓடியது. மருந்துதான் போய்ச் சேரவில்லை. ஏன்? விலைக்கு வாங்கிய வரைபடம் ஒவ்வொரு கட்டடத்துக்கும் கூரை நடுவில் ஒரு புள்ளி வைத்திருந்தது. மருந்து கொண்டுபோனவர் பின்சுவர் ஓரமாக நின்று, "வந்துட்டேங்க, கீழ வாங்க" என்பார். வீட்டுக்காரர் முன்பக்கம் நின்று, "நான் கீழதான் நிக்கிறேன், உங்களைத்தான் காணோம்" என்பார். புள்ளியைத் திருத்தட்டுமா என்று வரைபடக்காரர்களிடம் அக்கா கேட்டார். உங்களுக்குத் திருத்தும் உரிமை கிடையாது என்று பதில் வந்தது. அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. "மனுஷன் என்ன, கூரையைப் பிச்சுக்கிட்டா வீட்டுக்குள்ள போறான்?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்துதான் நம் தரவுத்தளம் பிறந்தது.

அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று. வீடோ, கடையோ, ஆஸ்பத்திரியோ, எதற்குப் புள்ளி வைப்பதானாலும் அதன் வாசலில் போய் நிற்க வேண்டும். போன் இடத்தைச் சரியாகப் பிடிக்கும்வரை நகரக் கூடாது. உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்ட பிறகுதான் பதிய வேண்டும். நாற்காலியில் சாய்ந்தபடி செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் புள்ளி வைத்தவர்களை அவர் சும்மா விட்டதே இல்லை. எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். போன் வரும். வணக்கம் கிடையாது, சாப்பிட்டாயா கிடையாது. எடுத்த எடுப்பில், "வாசல்ல நின்னியா?"

இந்த அரங்கில் அந்தக் கேள்வியை வாங்காதவர் யார்? அதற்குப் பயந்து வெயிலில் நிற்காதவர் யார்? நாயிடம் மாட்டாதவர் யார்? ஒருமுறை நானும் அக்காவும் ஒரு வீட்டு வாசலில் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். ஒரு பெரியவர் கதவைப் பாதி திறந்தார்.

"என்ன விக்கிற?"

"ஒண்ணும் விக்கலைங்க," என்றேன்.

"அப்ப என்ன வாங்க வந்த?"

"ஒண்ணும் வாங்கவும் இல்லைங்க."

"அப்ப உனக்கு இங்க என்னதான் வேலை?"

அக்கா முன்னால் வந்தார். "உங்க வாசல் எங்க இருக்குன்னு ஊருக்குச் சொல்ற வேலைங்க" என்றார்.

"என் வாசல் எனக்குத் தெரியும்மா."

"உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு முடியாமப் போறப்ப வர்றவங்களுக்குத் தெரியணும்ல?"

கதவு முழுதாகத் திறந்தது. அந்தப் பெரியவர் இன்று அடித்துப் பிடித்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அக்கா சொன்னதை நினைத்து நினைத்து அழுகிறார்.

பார்வையில்லாதவர்களுக்குக் காதில் வழி சொல்லும் ஆப்பை எழுதிய தங்கை இங்கே இருக்கிறார். அந்த ஆப் நம் தரவில்தான் ஓடுகிறது. பார்வையில்லாத கணக்கு ஆசிரியர் ஒருவர் ஒருநாள் அக்காவுக்குப் போன் செய்து, "மேடம், தபால் ஆபீஸுக்கு நீங்க வச்ச வாசல்ல நான் போய் முட்டிக்கிட்டேன். அங்க சுவர்தான் இருக்கு" என்றார். அக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். ஆசிரியரும் சிரித்தார். பிறகு அக்கா குடையை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் கிளம்பிவிட்டார். தபால் ஆபீஸ் வாசலைக் கொஞ்சம் தள்ளி மாற்றியிருந்தார்கள். புது வாசலில் நின்று, புள்ளியை மாற்றி, அங்கிருந்தே ஆசிரியருக்குப் போன் செய்து, "இப்ப வாங்க, நான் நிக்கிறேன்" என்றார். அவர் வந்து கதவைத் தொடும்வரை அங்கேயே நின்றார். ஒரு கை தூரத் தவறுக்கு அந்தப் பெண்மணி மழையில் நின்றார். மேலாளர் அவர்களே, காதில் விழுகிறதா? ஒரு கை தூரம்.

இப்படிச் சேர்த்ததை அக்கா பூட்டி வைத்தாரா? இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். காசு வேண்டாம் என்றார். என்னிடம் கேட்கக்கூட வேண்டாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எடுத்ததில் எதையாவது மாற்றினால், மாற்றியதை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வையுங்கள். அவ்வளவுதான். தண்ணீர்ப் பந்தலில் குடித்தவன் குவளையைக் கழுவி வைப்பது போன்ற நிபந்தனை.

மேலாளர் அவர்களே, நீங்கள் எடுத்தீர்கள். தாராளமாக எடுத்தீர்கள். எடுத்துப் பூட்டினீர்கள். மேலே உங்கள் முத்திரையைக் குத்தினீர்கள். "சுத்தம் செய்யப்பட்ட தரவு" என்று பெயர் வைத்தீர்கள். என்ன சுத்தம்? சந்துக்குள் இருந்த வாசல்களெல்லாம் பிழை என்று உங்கள் கணினி முடிவு கட்டியது. ஒவ்வொன்றையும் பிடித்துப் பக்கத்தில் இருக்கும் பெரிய சாலைக்கு இழுத்து வைத்தது. வெயிலில் நின்று நாங்கள் வைத்த புள்ளிகளை, ஏசி அறையில் ஒரு பொத்தானை அமுக்கி நகர்த்தினீர்கள். உங்களில் ஒருவர், ஒரே ஒருவர், ஒரே ஒரு வாசலில் போய் நின்று பார்த்தீர்களா? மாற்றியதைத் திறந்து வைத்திருந்தால் அன்றைக்கே நாங்கள் கண்டுபிடித்துக் கத்தியிருப்போமே. திறக்கவில்லை. அதை அப்படியே ஆம்புலன்ஸ் சேவைக்கு விற்றீர்கள்.

பார்சல்காரர்கள் வந்து சொல்லித்தான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. உடனே உங்களுக்கு எழுதினார். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். மறுபடியும் நன்றி. "நன்றி சொல்லிச் சொல்லியே கொல்றாங்க தம்பி" என்று என்னிடம் சிரித்தார். அப்போது நானும் சிரித்தேன்.

அக்காவின் வீடு சந்தில் இருக்கிறது. வாசல் சந்தைப் பார்க்கும். வீட்டின் முதுகுதான் பெரிய சாலையைப் பார்க்கும். நடுவே ஆள் உயரத்துக்கும் மேலே கருங்கல் மதில். பட்டப்பகலில் அக்காவுக்கு மூச்சு முட்டியது. பழைய ஆஸ்துமா. அண்ணன் போன் செய்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அதோ அந்தத் தூண் பக்கத்தில் தலைகுனிந்து நிற்கிறார். நிமிருங்கள் ஐயா. உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் பறந்து வந்தார். எங்கே வந்தார்? மதிலுக்கு வந்தார்.

சைரன் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அக்காவுக்கும் கேட்டது. "வந்துட்டாங்கம்மா, இதோ வந்துட்டாங்க" என்றாள் மகள். சத்தம் நின்றது. யாரும் வரவில்லை. மகள் மொட்டைமாடிக்கு ஓடி எட்டிப் பார்த்துக் கத்தினாள். "இந்தப் பக்கம் வாசல் இல்லைங்க, சுத்தி வாங்க."

"வாசல் இதான்னு காட்டுதும்மா," என்றார் ஓட்டுநர்.

சுற்றி வர வேண்டும் என்றால் கால்வாய்ப் பாலத்தைத் தாண்ட வேண்டும், ஒருவழிப்பாதையில் ஒரு வட்டம் அடிக்க வேண்டும். வண்டி சந்துக்குள் நுழைந்தபோது அக்காவின் கை அண்ணனின் கைக்குள் இருந்தது. மூச்சு நின்றுபோயிருந்தது.

நம் தரவுத்தளத்தில் அந்த வீட்டின் புள்ளி எங்கே இருக்கிறது? வாசலில் இருக்கிறது. அக்கா தன் கையால் வைத்த முதல் புள்ளியே அதுதான். ஊருக்கெல்லாம் வாசல் காட்டியவர் வீட்டு வாசலை, அவர் கொடுத்த தரவை வைத்தே நீங்கள் மறைத்துவிட்டீர்கள். இதை விபத்து என்று நான் சொல்ல மாட்டேன். எச்சரித்தார், எழுதினார், நீங்கள் நன்றி சொன்னீர்கள்.

இத்தோடு முடிந்ததா? நேற்றுக் காலை இதே மேலாளர் அண்ணனிடம் துக்கம் விசாரிக்கக் கிளம்பினார். கையில் ஒரு ஒப்பந்தம். தரவுத்தளத்தை இனி கம்பெனியே பாதுகாக்குமாம். அக்கா பெயரில் விருது கொடுக்குமாம். அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம். வழி கேட்டுக் கிளம்பினாரா? இல்லை, தன் கம்பெனி ஆப்பை நம்பிக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் அண்ணனுக்குப் போன் வந்தது.

"சார், வந்துட்டேன். பெரிய மதில் முன்னாடி நிக்கிறேன். வாசல் எந்தப் பக்கம்?"

அண்ணன் அதிகம் பேசாத மனிதர். "ஆம்புலன்ஸும் அங்கதாங்க நின்னுச்சு" என்றார். போனை வைத்துவிட்டார்.

கையெழுத்துக் கிடையாது, மேலாளர் அவர்களே. இன்றும் கிடையாது, என்றும் கிடையாது. உங்கள் கம்பெனிப் பெயரைப் பெரிதாகவும் அக்கா பெயரைப் பொடி எழுத்திலும் போட்டு ஒரு மலர்வளையம் கொண்டுவந்திருக்கிறீர்கள். போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள். எங்களுக்கு வேண்டியது மாலை இல்லை. எந்தெந்த வாசலை நகர்த்தினீர்களோ அத்தனையையும் திறந்து காட்டுங்கள். இன்னும் எத்தனை வீடுகள் மதிலுக்குப் பின்னால் காத்திருக்கின்றன என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "சர்வர் தம்பி, இதை யாரும் பூட்ட முடியாத மாதிரி செஞ்சிடு" என்றார். செய்கிறேன் அண்ணே. நான் மட்டும் இல்லை, இந்த அரங்கமே செய்யும். தோழர்களே, போனை எடுங்கள். தரவுத்தளம் முழுவதையும் இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் இருந்தால் ஒரு பூட்டுப் போதும். இத்தனை சட்டைப் பையில் இருந்தால் எவன் பூட்டுவான்? அந்த ஓட்டுநர் நேற்றே வந்து வாங்கிவிட்டார். அவர் நிலையத்து வண்டிகள் எல்லாவற்றிலும் இனி அக்கா வைத்த வாசல்தான் காட்டும்.

அவர்கள் திறந்து காட்டும்வரை நாம் சும்மா இருக்கப் போவதும் இல்லை. சந்து சந்தாகப் போவோம். நகர்த்தப்பட்ட ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்போம். விரட்டினாலும் நிற்போம். மழை பெய்தாலும் நிற்போம். இந்த ஊரில் ஒரு ஆம்புலன்ஸ்கூட இனி மதிலைப் பார்த்து நிற்கக் கூடாது.

கடைசியாக எல்லாரையும் எழுந்து மௌனமாக நிற்கச் சொல்வது கூட்டத்தின் முறை. தலைவர் ஐயா, அதை இங்கே செய்ய வேண்டாம். இந்த அரங்கத்தில் நின்றால் அக்காவுக்குப் பிடிக்காது. எழுந்து வாருங்கள், நடக்கிற தூரம்தான். அவர் வாசலில் போய் நிற்போம்.

மேலாளர் அவர்களே, நீங்களும் வாங்க. உங்க போனை உள்ளே வைங்க. எங்க பின்னாடி வாங்க.