மூன்றாவது ஓசை

மேடம், உங்கள் ஸ்டேஷன் மேசை ஃபேனில் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. இடதுபக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு சின்னச் சத்தம் வருகிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். எனக்குக் காது கொஞ்சம் கூர்மை, அதில் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. என் மனைவியைக் கேட்டால், "ஊர்ல இருக்கிற சத்தமெல்லாம் கேக்கும், நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது" என்பாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

நீங்கள் கேட்பது தையல்காரம்மா இறந்துபோனதைப் பற்றி. சொல்கிறேன். ஆனால் பெட்டியில் ஆரம்பிக்காமல் அதைச் சொல்ல முடியாது.

நோயாளிகளின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுகிற பெட்டி அது. எங்கள் கம்பெனி செய்கிறது. பாட்டுப் போடும். வீட்டாரோடு பேசவைக்கும். விரலில் மாட்டிய கிளிப்பில் ஆக்சிஜன் குறைந்தது தெரிந்தால், நர்ஸ் ஓடிவரும்படி அலாரம் அடிக்கும். ஓசை மூன்று, ஸ்பீக்கர் ஒன்று. ஆகவே யாராவது மூன்றையும் கலந்து ஒன்றாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும். அதை எங்கே உட்கார்ந்து கலப்பது என்பதுதான் சண்டை.

கெர்னல் என்று ஒன்று இருக்கிறது, மேடம். கணினி ஒரு வீடு என்றால் கெர்னல்தான் வீட்டுக்காரர். மற்ற புரோகிராம்கள் எல்லாம் வாடகைக்கு இருப்பவை. யாருக்கு எப்போது தண்ணீர், யார் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம். ஓசையைக் கலக்கும் வேலையை வீட்டுக்காரரே செய்யவேண்டும் என்பது என் கட்சி. ஓசையால் காத்திருக்க முடியாது. வாடகைக்காரனிடம் கொடுத்தால் அவன் வரிசையில் நிற்கும் நேரத்தில் அலாரம் போய்விடும்.

எதிர்க்கட்சி என் மச்சினன். மனைவியின் தம்பி. அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். "அத்தான், வாடகைக்காரன் விழுந்தா தூக்கி நிறுத்திடலாம். வீட்டுக்காரரே விழுந்துட்டா மொத்த வீடும் போச்சு. கலக்குற வேலை வெளியவே இருக்கட்டும்" என்பான். அலுவலகத்தில் ஆரம்பித்தது சாப்பாட்டு மேசைக்கு வந்தது. மனைவி தட்டை வைத்துக்கொண்டே, "இந்த வீட்டுல சாப்பிடும்போது கெர்னல் பேச்சை எடுத்தா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டாள். நாங்கள் சாப்பிட்டு முடித்து, கைகழுவும் இடத்தில் தொடர்ந்தோம்.

முதலாளி முன்னால் பஞ்சாயத்து நடந்தது. நான் வெகுநேரம் பேசினேன். படம் வரைந்தேன். அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். மச்சினன் இரண்டு வாக்கியம் பேசினான். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தம்பி சொல்றது புரியுது. நீங்க சொல்றதும் சரியாத்தான் இருக்கும்போல, ஆனா புரியலை" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷ அனுபவத்தோடு நன்றாக மூக்குடைபட்டு வெளியே வந்தேன். கலக்கும் புரோகிராம் மச்சினனுக்கு. கெர்னல் வேலை வழக்கம்போல எனக்கு.

அப்போதுதான் அந்தச் சின்னக் காரியத்தைச் செய்தேன். மூன்று ஓசையும் ஒரே சமயத்தில் வந்தால், மச்சினனின் புரோகிராமைச் சில நிமிடம் வரிசையில் நிறுத்திவைக்கும்படி கெர்னலுக்குள் எழுதினேன். பரிசோதனை நாளில் எல்லார் முன்னாலும் பெட்டி ஊமையாகும். நான் எழுந்து, "இதைத்தான் அன்றே சொன்னேன்" என்பேன். அந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். சில நொடிகள் போதாதா என்று கேட்பீர்கள். முதலாளி பரிசோதனை நடக்கும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர். நொடிகள் அவருக்குப் போதாது.

பரிசோதனை நாளில், சோதிக்கிற அம்மா பாட்டையும் அலாரத்தையும் சேர்த்துப் போட்டார். பேச்சையும் அலாரத்தையும் சேர்த்துப் போட்டார். அருமையாக வேலை செய்தது. "மூணையும் சேர்த்துப் போடலையா?" என்று நானே கேட்டேன். "யாருங்க பாட்டைப் போட்டுக்கிட்டே போன் பேசுவாங்க?" என்று சிரித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எழுதியதை எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எடுக்கப்போனால் எதை எடுக்கிறாய் என்று கேட்பார்கள். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நாளை என்பது எனக்கு எப்போதும் ஒத்துவராத நாள்.

பெட்டிகளை மாட்ட ஒரு பராமரிப்பு இல்லத்துக்குப் போனோம். அங்கேதான் தையல்காரம்மா. நுரையீரல் பழுதாகி, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும், ஆனாலும் அந்த நாலு வார்த்தையைப் பேசாமல் விடமாட்டார். என்னை "ரேடியோக்காரரே" என்று கூப்பிட்டார். வாழ்நாள் முழுக்கத் தையல் மெஷின் பக்கத்தில் பாட்டுப் பெட்டி ஓடிக்கொண்டே இருந்ததாம். பாட்டு இல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது. சாயங்காலம் மகள் செல்போனில் கூப்பிட்டாள். பாட்டை நிறுத்தாமலே பேசினார். "அம்மா, அதைக் கொஞ்சம் அணைச்சுத் தொலையேன்" என்று மகள் கத்த, இவர் இன்னும் கொஞ்சம் சத்தம் வைத்தார்.

நான் ஸ்க்ரூடிரைவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஒன்று. பேச்சு இரண்டு.

"மூச்சு நின்னுபோச்சுன்னா இது கத்துமா, ரேடியோக்காரரே?" என்று கேட்டார்.

"கத்தும்மா. நீங்க நிம்மதியா இருங்க" என்றேன்.

அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பிடித்துத்தான் இருந்தது. அதனால்தான் அவர் பெட்டியில் அவருக்குப் பிடித்த பழைய பாட்டுகளை நானே ஏற்றிக் கொடுத்தேன். மகளையும் தனியாகக் கூப்பிட்டு, செல்போனில் பேசாதீர்கள், பெட்டி வழியாகவே பேசுங்கள், குரல் தெளிவாக இருக்கும் என்றேன். குரல் உண்மையிலேயே தெளிவாகத்தான் இருக்கும்.

அதன்பிறகு அடிக்கடி அந்த இல்லத்துக்குப் போன் போட்டு, பெட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். இவ்வளவு அக்கறையான கம்பெனியைப் பார்த்ததில்லை என்று நர்ஸ் சொன்னார். நான் தையல்காரம்மா சாவதற்காகக் காத்திருக்கவில்லை, மேடம். ஒரே ஒருமுறை பெட்டி ஊமையாக வேண்டும். அதற்காக மட்டும்தான் காத்திருந்தேன்.

அந்தச் சாயங்காலம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, மகளும் பேசிக்கொண்டிருந்தாள். ஆக்சிஜன் குறைந்தது. மூன்றாவது ஓசை கிளம்பியது. நான் எழுதியபடி எல்லாம் நின்றது. மகள், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தாள். அடுத்த அறையில் இருந்த நர்ஸ் என்னிடம் பிறகு சொன்னார்: "பாட்டு நின்னுச்சு சார். சரி, தூங்கிட்டாங்க போலன்னு நினைச்சுட்டேன்." இதைச் சொல்லும்போது அழுதார். என் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன். சில நிமிடம் கழித்து அலாரம் அடித்தது, மிகத் தெளிவாக. ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணை வைத்தார்கள். இப்போதாவது விஷயம் வெளியே வரும் என்று சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். ஒருவர் பெட்டியைத் திறந்தார், ஸ்பீக்கருக்குப் போகிற வயர் லூசாக இருக்கிறது என்றார், மூடிவிட்டார். லூஸ் வயர். முடிந்தது. மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை அத்தான், நம்ம மேல தப்பில்ல" என்றான்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு உயிர் போயிருக்கிறது. அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. வெளியே கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? வயர்மேல் பழி போட்டு என் வாதத்தைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. மச்சினனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. என் கணினியை இழுத்துத் திறந்து, நான் எழுதியதை மேலும் கீழும் படித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "என் புரோகிராம் விழவே இல்லையே அத்தான். அது வேலை செய்யத் தயாரா நின்னுக்கிட்டிருந்துச்சு. நீங்கதான் உள்ள இருந்து கழுத்தைப் பிடிச்சிருக்கீங்க."

அவன் எப்போதும் அப்படித்தான், தோற்றாலும் ஒத்துக்கொள்ள மாட்டான். அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டு என்னை இங்கே அழைத்துவந்தான். என் மனைவி வாசல்வரைகூட வரவில்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆக, நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன். அந்தக் கட்டிலைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். இதை அப்படியே தட்டச்சு செய்யலாம், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கூடவே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: கலக்கும் வேலை அன்றைக்கே கெர்னலுக்குள் போயிருந்தால் தையல்காரம்மா இன்று உயிரோடு இருந்திருப்பார்.

என்ன கேட்டீர்கள்? அப்படிப் போயிருந்தால் அதை யார் எழுதியிருப்பார்கள் என்றா?

நான்தான், மேடம். உயிர் சம்பந்தப்பட்ட வேலை, வேறு யாரை நம்பிக் கொடுக்க முடியும்?