வள்ளத்தில் போய் நெல் தட்டுகிறவர்கள்

“எடியே, வள்ளத்தில போய் நெல்லுத் தட்டுற சனமும் இருக்கே?”

ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகர ட்ராமில் எனக்கு முன்னால் இரண்டு தோழிகள். ஒருத்தி அரை மணியில் பல்கலைக்கழகத்தில் பேச வேண்டும்: அமெரிக்காவின் சிப்பேவாப் பழங்குடிகள், பிரெஞ்சு வழிவந்த கேஜன்கள், இருவரில் யார் வாழ்க்கை மேல்? முடிவுரை இன்னும் எழுதவில்லை.

“ஓம், சிப்பேவா ஆக்கள். ஏரியில தானா வளர்ற காட்டு நெல்லைத் தடியால வள்ளத்துக்குள்ள தட்டுவினம்; தண்ணியில விழுறதை அடுத்த வருசம் முளைக்க விட்டிடுவினம்.”

“மற்றவை?”

“முந்தி கேஜன் வீட்டில பன்றி அடிச்சா அயலுக்கெல்லாம் பங்கு. ரெண்டு பகுதியும் கஷ்டப்பட்ட சனம். பள்ளிக்கூடத்தில சொந்தப் பாஷை கதைச்சு அடி வாங்கினவை. யார் மேலெண்டு சொல்ல ஏலாதடி.”

“அப்ப, ரெண்டு பகுதியும் தங்களுக்கு மட்டுமெண்டு சமைக்கிறேல்லை எண்டு எழுது.”

இறங்கும் இடம் வந்தும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். தோழி கதவு மூடாதபடி மறித்துக்கொண்டு நின்றாள்.