ராசியான கை

ஹலோ... ஹலோ, அம்மா, நான்தான். காலுக்குக் கட்டுப் போட வர்ற நர்ஸ்... ஆமா ஆமா, நானேதான். வலி எப்படி இருக்கு?... நல்லது. சீழ் நின்னுடுச்சு, இனி புண் ஆறிடும்... ஐயோ, என் கையில என்ன ராசி. எல்லாம் மருந்து செய்யற வேலைம்மா.

மாடி போர்ஷன் விஷயமாத்தான் கூப்பிட்டேன்... சாவி எடுத்து வெச்சுட்டீங்களா? வயித்துல பால வார்த்தீங்க. எங்கம்மா வெள்ளிக்கிழமை வர்றாங்க. இன்னைக்கே விலாசம் வேணும், அதான்... எதிர் வீட்டுலயும் சொல்லியாச்சா? ஃபாரின் நர்ஸ் குடி வர்றாங்கன்னா? சொல்லுங்க, சொல்லுங்க.

உங்க பையனா? ஏர்போர்ட்டுக்குக் காரெடுத்துட்டா? வேண்டாம்மா, அவருக்கு எதுக்குச் சிரமம்... இல்ல, ஃப்ளைட் இல்ல. பஸ்லதான் வர்றாங்க... அது வந்து... முகாம்ல இருந்து.

ஹலோ?... இருக்கீங்களா?

ஆமா. அகதி முகாம்தான்... கூட்டமெல்லாம் வராதும்மா, அவங்க ஒருத்தங்கதான்... நான் எங்கேம்மா மறைச்சேன்? எந்த நாடுன்னு கேட்டீங்க, சொன்னேன். எப்படி வந்தேன்னு கேக்கலயே... ஆமா, நானும் அந்த முகாம்ல இருந்துதான் வந்தேன்.

என்னது, சாமான் காணாமப் போகுமா?... எங்கம்மா முப்பது வருஷம் கணக்கு டீச்சர்மா. அடுத்த வீட்டுல ஒரு வாய் தண்ணி கேக்கவே கூச்சப்படுவாங்க... சரி, நீங்க சொல்லல. அக்கம்பக்கம் சொல்லும். புரியுது... புரியுது.

வேற ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாரா? எப்போ?... இப்பத்தானேம்மா சாவி எடுத்து வெச்சேன்னீங்க.

ஒரு நிமிஷம், கோவிச்சுக்காம கேளுங்க. இன்னைக்குள்ள விலாசம் காட்டினாத்தான் எங்கம்மாவ முகாம்ல இருந்து வெளிய விடுவாங்க. இல்லன்னா வெள்ளிக்கிழமை தூரத்து முகாமுக்கு ஏத்தி அனுப்பிடுவாங்க. அவங்களுக்கு மூச்சிரைப்பு இருக்கு. அங்க டாக்டர் கூட கிடையாதும்மா... ம்... ம்... உங்க பையனுக்குப் பிடிக்காதா. அவர்தானே கார் எடுக்கறேன்னாரு?

சரிம்மா. விடுங்க.

நாளைக்குக் கட்டு மாத்தணும். வேற நர்ஸ அனுப்பச் சொல்லவா?... நானே வரணுமா?

வேற யார் தொட்டாலும் வலிக்குதா.

... வர்றேன்மா. வராம எங்க போறேன். கால் மட்டும் நனையாம பாத்துக்கோங்க, நனைஞ்சா மறுபடியும் சீழ் வெச்சிடும்... அம்மா, அந்த ரூம், ஒரு மாசத்துக்கு மட்டுமாவது... ஹலோ?

ஹலோ?